கொள்ளு வைத்த கையும் கிரீஸ் பூசும் கையும்

சென்னையில் புது வண்டி எடுத்தவர்கள் பலர் முதலில் கொண்டுபோய் நிறுத்தும் இடம் பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகாட் முனீஸ்வரன் கோயில். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம் குங்குமம், ஒரு சுற்றுக் கற்பூரம். அந்தச் சாலைக்கு முன்பு பாடிகார்ட் ரோடு என்று பெயர். மெட்ராஸ் கவர்னரின் மெய்க்காப்புக் குதிரைப்படையால் வந்த பெயர் அது. குதிரைகள் போய்விட்டன. பெயர் மட்டும் முனீஸ்வரனோடு ஒட்டிக்கொண்டு, கார், லாரி, ஆட்டோ என்று எல்லாவற்றுக்கும் காவல் நிற்கிறது.

நம் பேச்சுக்குள்ளும் அந்தக் குதிரைப்படை இன்னும் இருக்கிறது. 'சவார்' என்றால் குதிரைவீரன். அவன் செய்வதுதான் சவாரி. கலெக்டருக்கு முன்னால் தலைப்பாகையும் பட்டையுமாக நடக்கும் டபேதாரின் பதவிப் பெயர், ஒரு சிறு குதிரைக் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தவனின் பெயர். இன்றும் இந்திய ராணுவத்தின் டாங்கி ரெஜிமெண்டில் சிப்பாய்க்கு 'சவார்' என்றுதான் பெயர். காலாட்படையில் ஹவில்தார் என்றால் இங்கே டஃபேதார். அங்கே சுபேதார் என்றால் இங்கே ரிசல்தார். ஒரு குதிரைக்குக்கூடப் பொறுப்பில்லாத ஆள், குதிரைவீரன் என்ற பெயரோடு 40 டன் இரும்புக்குள் ஏறி உட்காருகிறான். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. குதிரைப்படையிலிருந்து டாங்கிப்படைக்கு வந்து சேர்ந்த உண்மையான சொத்து கொடியும் குஞ்சமும் அல்ல, லாயத்து வேலை. அதைத்தான் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பத்திரிகைகள் டாங்கியைப் 'பீரங்கி' என்றே எழுதுகின்றன. பீரங்கி என்பது குழல். பின்னால் நின்றுகொண்டு, பார்வைக்கு எட்டாத இலக்கின் மேல் குண்டு போடுவது பீரங்கிப்படையின் வேலை, அது தனிப் பிரிவு. டாங்கி என்பது குழலும் கவசமும் சங்கிலிச் சக்கரமும் சேர்ந்து, தான் பார்க்கும் எதிரியை நேராக அடிக்கும் வண்டி. இரண்டையும் ஒன்றாக்கினால் இந்தப் படைப்பிரிவு எதற்காக இருக்கிறது என்பதே புரியாமல் போய்விடும்.

இந்தியாவில் இன்றும் இருக்கும் டாங்கி ரெஜிமெண்டுகளில் மூன்று மெட்ராஸ் மாகாணத்தில் பிறந்தவை. 16-வது லைட் கேவல்ரி (இலகு குதிரைப்படை) 1776-லும், 7-வது 1784-லும், 8-வது 1787-லும் தொடங்கின. 16-வது ரெஜிமெண்ட், ஆற்காட்டு நவாபின் படையிலிருந்து கம்பெனிக்கு வந்த குதிரைப்படை வழியில் வந்தது. இந்திய டாங்கி ரெஜிமெண்டுகளில் மிகப் பழையது அதுதான். 1903-ல் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி கிச்சனர் படைகளுக்குப் புது எண் போட்டபோது இந்த மூன்றும் 26, 27, 28 ஆயின. 1922-ல் இன்றைய எண்கள் வந்தன. இடையில் 'போர்க்குணம் உள்ள சாதிகள்' என்ற கொள்கையால் தென்னாட்டு ஆட்கள் ஒதுக்கப்பட்டு, பெயரில் மட்டும் மெட்ராஸ் வம்சம் எஞ்சியது. அது அநியாயம் மட்டும் அல்ல, தப்புக் கணக்கும்கூட. 16-வது லைட் கேவல்ரி பின்னால் மீண்டும் தென்னிந்தியர்களின் ரெஜிமெண்ட் ஆனது.

குதிரைப்படை எதற்கு என்பதை நம் பக்கத்திலேயே ஒரு நாள் காட்டியது. அதைப் பெருமையோடு சொல்ல முடியாது. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள், கோட்டை அவர்கள் கைக்கு வந்தது. ஆங்கிலேயரின் குதிரைப்படை இருந்த ஆற்காடு அங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். தகவல் போனவுடன் அங்கே இருந்த ஆங்கிலேயப் படைத்தலைவர் கில்லெஸ்பி கையில் கிடைத்த சில குதிரைவீரர்களோடு முன்னால் ஓடி வந்தார். மற்ற குதிரைப்படையும், குதிரைகள் இழுத்து வந்த இலகு பீரங்கிகளும் பின்னால் வந்தன. அந்தப் பீரங்கிகள் கோட்டைக் கதவை உடைத்தன. நண்பகலுக்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அதே தூரத்தைக் காலாட்படை நடந்து வந்திருந்தால் அரைநாளுக்கு மேல் ஆகியிருக்கும், கோட்டைக்குள் இருந்தவர்களுக்குக் கதவையும் கொத்தளத்தையும் ஒழுங்காகக் காக்க நேரம் கிடைத்திருக்கும். அடிக்கிற அடியை விட அது வந்து சேர்கிற நேரம் முக்கியம். குதிரை இழுத்த அந்தச் சிறு பீரங்கிக்குக் கவசமும் போட்டால் அதுதான் டாங்கி.

ஆனால் வேகமாகப் போய்ச் சேர, புறப்படும்போது குதிரை நன்றாக இருக்கவேண்டும். இங்கேதான் நம் வரலாற்றில் கசப்பான ஒரு பாடம் கிடக்கிறது. பாண்டிய மன்னர்கள் அரபு நாட்டுக் குதிரைகளைக் கடல் வழியாக, காயல் போன்ற துறைகளில், பெரும் பணம் கொடுத்து வாங்கினார்கள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போனதாக எழுதினார். காரணம், குதிரையைப் பேணத் தெரிந்த ஆள் இல்லை, பொருந்தாத தீனி. அவர் எண்களைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொன்ன காரணம் மட்டும் எந்த நூற்றாண்டுக்கும் பொருந்தும். பெரிய விலைக்கு வாங்கி, பேணும் கையை வாங்காமல் விட்டால், அடுத்த ஆண்டும் அதே வியாபாரியிடம்தான் போய் நிற்கவேண்டும்.

லாயத்து வேலை என்றால் என்ன? முதல் விதி, தண்ணீர் முன்னால், தீனி பின்னால். கொள்ளைத் தின்ன வைத்துவிட்டு வயிறு முட்டத் தண்ணீர் காட்டினால், செரிக்காத தானியம் குடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு வயிற்றுவலி வரும் என்பது லாயத்தின் நம்பிக்கை. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றுவலி உயிரைக் குடிக்கும். மெட்ராஸ் குதிரைப்படையின் தானியம் கொள்ளுதான். அதை வேகவைத்தோ ஊறவைத்தோ கொடுப்பார்கள். ஒரு குதிரை நாளுக்கு 25 முதல் 45 லிட்டர் தண்ணீர் குடிக்கும். அப்படியானால் ஒரு படை முகாமிடும் இடத்தைத் தீர்மானிப்பது தளபதி அல்ல, ஊர்க் கிணறும் ஏரியும்தான்.

இரண்டாவது, முதுகு. சேணம் சரியாகப் பொருந்தாவிட்டாலும், அடியில் போடும் கம்பளத்தில் ஒரு மடிப்பு விழுந்தாலும், ஒரே நாள் ஓட்டத்தில் முதுகு புண்ணாகும். புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த வீரன் நடந்து போகிறவன். போரில் குண்டு பட்டு விழுந்த குதிரைகளை விட முதுகுப் புண்ணாலும் களைப்பாலும் கழிக்கப்பட்டவை அதிகமாக இருந்த படையெடுப்புகள் ஏராளம். அதனால்தான் நெடும்பயணத்தில் சேணத்தை அவிழ்க்கும் நேரத்துக்கும் ஒரு முறை உண்டு. வியர்வையோடு இருக்கும் முதுகிலிருந்து உடனே எடுக்காமல், வயிற்றுப் பட்டையைத் தளர்த்திச் சற்று நேரம் விட்டு, பிறகு எடுத்துத் தேய்த்து விடுவார்கள். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்து நடத்திக் கூட்டி வருவதும் இதற்காகவே. குதிரை உடல் சூடு தணிந்து முகாமுக்குள் வரவேண்டும்.

மூன்றாவது, குளம்பு. நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றவேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் காலைத் தூக்கி, குளம்புக்குள் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். லாடம் ஒன்று தளர்ந்தால் 'டக்' என்ற சத்தம் மாறும். பழகிய காதுக்கு அது கேட்டுவிடும்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு டாங்கிக்கு வருவோம்.

இந்தியக் குதிரைப்படை இயந்திரத்துக்கு மாறியது 1938-ல், சிந்து ஹார்ஸ், 13-வது லான்ஸர்ஸ் என்ற இரண்டு குதிரைப்படை ரெஜிமெண்டுகள் முதலில். 1941 மே 1 முதல் இந்தியக் கவசப்படை என்ற பெயர் வந்தது, இன்றும் மே 1 அவர்களின் நாள். அதற்கு முன்பே வேறொரு மாற்றம் நடந்திருந்தது, அதைப் பலர் கவனிப்பதில்லை. வடக்கேயும் பம்பாயிலும் 'சிலேதார்' முறை இருந்தது. வீரன் தன் குதிரையையும் சேணத்தையும் தானே கொண்டு வருவான், அல்லது ரெஜிமெண்ட் நிதியில் பணம் கட்டுவான். மெட்ராஸின் மூன்று ரெஜிமெண்டுகளில் மட்டும் குதிரை அரசுடையது. அமைதிக் காலத்தில் சிலேதார் முறை மலிவாக ஓடியது. முதல் உலகப்போர் வந்ததும் உடைந்தது. பிரான்சிலும் மெசபொட்டேமியாவிலும் செத்த குதிரைக்கு மாற்று, அறுந்த சேணத்துக்கு மாற்று, ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வழியில்லை. போர் முடிந்ததும் அந்த முறையைக் கைவிட்டார்கள், 39 ரெஜிமெண்டுகள் 21 ஆகச் சுருங்கின. உதிரிப் பாகம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்ற புத்தி டாங்கி வருவதற்கு முன்பே குதிரை கற்றுக்கொடுத்தது.

ஒரு டாங்கி ரெஜிமெண்டில் 45 டாங்கிகள். மூன்று ஸ்குவாட்ரன், ஒவ்வொன்றிலும் 14. அந்த 14-ல் மூன்று மூன்றாக நாலு ட்ரூப், மீதி இரண்டு ஸ்குவாட்ரன் தலைமைக்கு. ரெஜிமெண்ட் தலைமைக்கு மூன்று. ரஷ்ய வடிவமைப்பில் வந்த டி-72, டி-90 டாங்கிகள் இரண்டிலும் ஆள் மூன்று பேர்: ஓட்டுநர், குறிபார்த்துச் சுடுபவர், கமாண்டர். குண்டை இயந்திரமே ஏற்றும். நம் நாட்டிலேயே வடிவமைத்த அர்ஜுன் டாங்கியில் குண்டு ஏற்ற ஓர் ஆள் கூடுதலாக இருப்பதால் நாலு பேர். இந்த நாலாவது ஆளின் அருமை சண்டையில் தெரிவதை விட, சங்கிலி கழன்று மூன்று பேர் மட்டும் அதைத் தூக்கிப் போராடும் ராத்திரியில் நன்றாகத் தெரியும்.

டி-72-ன் உள்தொட்டிகளிலும் வெளித்தொட்டிகளிலும் சேர்த்துச் சுமார் 1,200 லிட்டர் டீசல் பிடிக்கும். 45 டாங்கிக்கு ஒருமுறை நிரப்ப 54,000 லிட்டர். நம் ஊர்ப் பெட்ரோல் பங்குக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரி நாலரை. சண்டை நடக்கும் இடத்துக்கு அந்த லாரிகள் இருட்டில், விளக்கு இல்லாமல், வயல் வழியாக வந்து சேரவேண்டும். குதிரைக்குக் கிணறு தேடிய அதே கவலைதான், அளவு மட்டும் வேறு.

தினசரி வேலை மூன்று வேளை: புறப்படுமுன் ஃபர்ஸ்ட் பரேடு, வழியில் நிற்கும்போது ஹால்ட் பரேடு, திரும்பியதும் லாஸ்ட் பரேடு. லாயத்தின் காலை, மதியம், மாலை அப்படியே டாங்கிகள் நிற்கும் டேங்க் பார்க்குக்கு இடம் மாறியிருக்கிறது.

புறப்படுமுன் பார்ப்பது: எஞ்சின் ஆயில் அளவு, குளிர்நீர் அளவு, பேட்டரி, காற்றுச் சிலிண்டரின் அழுத்தம். டி-72 எஞ்சினை மின்சாரத்தாலும் இயக்கலாம், அழுத்தமேற்றிய காற்றாலும் இயக்கலாம். பேட்டரி செத்த பனிக்காலையில் அந்தச் சிலிண்டர்தான் காப்பாற்றும், அதனால் அதன் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் கிளம்புவது தப்பு. பிறகு வண்டிக்கு அடியில் தரையைப் பார்க்கவேண்டும். புது எண்ணெய்த் துளி எங்கே விழுந்திருக்கிறது என்பதே பாதிச் செய்தி.

வழியில் நிற்கும்போது ஓட்டுநர் முதலில் செய்யவேண்டியது இறங்கி நடப்பது. பக்கத்துக்கு ஆறு சக்கரம். ஒவ்வொன்றின் நடுமூடியிலும் புறங்கையை வைத்துப் பார்க்கவேண்டும். மற்ற ஐந்தும் வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், உள்ளே பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது எண்ணெய் கசிந்து காய்ந்துவிட்டது. அப்போதே பார்த்தால் அரைநாள் வேலை. பார்க்காமல் ஓட்டினால் சக்கரமே கழன்று சங்கிலியையும் கெடுத்துவிடும். குளம்பைத் தூக்கிப் பார்த்தவனின் கைதான் இது.

சங்கிலிதான் டாங்கியின் லாடம், அதிகமான தொல்லையும் அங்கேதான். கண்ணிகளை இணைக்கும் ஊசிகள் தேயத் தேயச் சங்கிலி நீளும், தொய்யும். முன்சக்கரத்தை நகர்த்தி இறுக்கலாம். இறுக்கும் அளவு முடிந்துபோனால் ஒரு கண்ணியைக் கழற்றிச் சுருக்கவேண்டும். தொய்ந்த சங்கிலியோடு மென்மணலிலோ சரிவிலோ சட்டென்று திருப்பினால் சங்கிலி சக்கரத்தை விட்டு வெளியே வந்துவிடும். சேறும் கல்லும் பல்சக்கரத்துக்குள் அடைத்துக்கொண்டாலும் அதுவே நடக்கும். ரொம்ப இறுக்கினாலும் கேடுதான், ஊசிகளும் பேரிங்கும் சீக்கிரம் தேயும், எஞ்சின் வலு வீணாகும். கழன்ற சங்கிலியைப் போட, அதை ஓரிடத்தில் பிரித்து, தரையில் நேராக விரித்து, டாங்கியை மெதுவாக அதன் மேல் ஏற்றி, ஒரு முனையைப் பின்னால் இருக்கும் பல்சக்கரத்தில் மாட்டி, மேலே இழுத்து முன்பக்கம் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். கையும் காலும் நசுங்கும் வேலை. கட்டளை ஒருவர் வாயிலிருந்து மட்டும் வரவேண்டும், ஓட்டுநர் அந்த ஒருவர் கையை மட்டும் பார்க்கவேண்டும்.

ராஜஸ்தானில் எதிரி தூசிதான். காற்றுவடிகட்டியில் இரண்டு நிலை. முதலாவது காற்றைச் சுழற்றிக் கனமான தூசியைத் தள்ளும், இரண்டாவது மிச்சத்தைப் பிடிக்கும். முன்னால் போகும் டாங்கி கிளப்பிய புழுதிக்குள்ளேயே ஓட்டினால் வடிகட்டி சீக்கிரம் அடைபடும், எஞ்சினுக்கு மூச்சு முட்டும், புகை கறுக்கும், சூடு ஏறும். அதை விடக் கெட்டது வடிகட்டியின் விளிம்பில் ரப்பர் சரியாக உட்காராமல் போவது. அடைப்பு இல்லாததால் எஞ்சின் நன்றாக ஓடுவதுபோலத் தெரியும். உள்ளே மணல் சிலிண்டரை உப்புத்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டிருக்கும். சில நூறு கிலோமீட்டரில் ஆயில் குடிக்கத் தொடங்கும், பிறகு எஞ்சினையே இறக்கவேண்டியதுதான். சேணத்தடியில் கம்பளம் மடிந்ததற்கு இது சமம்: சின்ன அலட்சியம், பெரிய புண்.

டாங்கியின் குழலுக்கும் பேணுதல் உண்டு. ஒருபக்கம் மட்டும் வெயில் பட்டால் 125 மில்லிமீட்டர் குழல்கூட மயிரிழை வளையும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் அந்த மயிரிழை ஆள் உயரத்துக்கு வித்தியாசம் காட்டும். அதனால்தான் குழலைச் சுற்றி உறை. குறிகாட்டும் கண்ணாடியும் குழல்வாயும் ஒரே புள்ளியைப் பார்க்கின்றனவா என்று தூர இலக்கு ஒன்றை வைத்துச் சரிபார்க்கவேண்டும். வண்டி குலுங்கி வந்த பிறகு இதைச் செய்யாமல் சுட்டால், குறி தவறியதற்குச் சுட்டவனைத் திட்டுவதில் பயனில்லை.

இவ்வளவு பேணுதலும் எதற்காக? சோஜிலாவுக்காக. 1948 நவம்பர் 1. லடாக்குக்குப் போகும் கணவாய், கடல்மட்டத்துக்கு மேல் 3,500 மீட்டர். மேலே எதிரி. காலாட்படையின் முயற்சிகள் முறிந்திருந்தன. 7-வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் இலகு டாங்கிகளை, ரகசியம் வெளியே போகாமலிருக்க குழல் பொருத்திய மேல்கூண்டைக் கழற்றி, ஜம்முப் பக்கத்திலிருந்து ஸ்ரீநகர் வழியாகக் கொண்டு வந்தார்கள். கோவேறு கழுதைகள் மட்டும் ஏறிய பாதையை டாங்கி ஏறும் பாதையாக வெட்டியவர்கள் ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ். பனி விழும் நாளில் அந்த உயரத்தில் டாங்கி வரும் என்று எதிரில் இருந்தவர்கள் எண்ணவே இல்லை. கணவாய் திறந்தது. மெட்ராஸில் பிறந்த ரெஜிமெண்ட், மெட்ராஸ் சாப்பர்கள் போட்ட பாதையில் ஏறியது என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை.

இன்னொன்று பஞ்சாபின் அசல் உத்தர், 1965 செப்டம்பர். பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் அன்றைக்கு நம்மிடம் இருந்தவற்றை விடப் புதியவை. 3-வது கேவல்ரியின் செஞ்சுரியன்கள், டெக்கான் ஹார்ஸின் ஷெர்மன்கள், 8-வது லைட் கேவல்ரியின் ஏஎம்எக்ஸ்-13 இலகு டாங்கிகள் லாட வடிவில் கரும்புக்குள் மறைந்து நின்றன. வயலில் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். பாட்டன்கள் சேற்றில் மாட்டின, பக்கவாட்டைக் காட்டின. எண்ணிப் பார்த்தபோது 97 எதிரி டாங்கிகள் அழிந்தோ கைவிடப்பட்டோ கிடந்தன. அந்த இடத்துக்குப் பாட்டன் நகர் என்றே பெயர் விழுந்தது. பாட்டனின் தூரம் அளக்கும் கருவி நுட்பமானது, நீண்ட பழக்கம் இருந்தால்தான் கைவரும். எளிய கருவியை நன்றாகப் பழகியவன், அரிய கருவியைப் பாதி பழகியவனை வென்றான்.

அதே 1965 டிசம்பரில்தான் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. ஆவடிக்காரர்களுக்கு அந்தத் தொழிற்சாலை 'டேங்க் ஃபேக்டரி'. விஜயந்தாவின் 105 மில்லிமீட்டர் குழல் அருமையானது, லேலண்ட் எல்-60 எஞ்சின் தலைவலி. எதிரெதிர் பிஸ்டன் அமைப்புள்ள இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். சிலிண்டர் உறையின் அடைப்பு விட்டு நீர் கசிவது அதன் தீராத நோய், நம் வெயில் அதை இன்னும் மோசமாக்கியது. பிறகு டி-72, டி-90 ஆவடியிலேயே கட்டப்பட்டன. அங்குள்ள கவச வண்டி ஆய்வுக்கூடம் வடிவமைத்த அர்ஜுன் 2004-ல் படைக்கு வந்தது. 124 வண்டிகள், 43-வது ரெஜிமெண்ட் முதலில் ஏற்றது. 2021-ல் மேம்பட்ட 118 வண்டிகளுக்கு ஆர்டர் வந்தது. அர்ஜுன் நன்றாகச் சுடும், உள்ளே இடம் தாராளம், ஆளைக் காக்கும். ஆனால் முதல் வகையே 58 டன்னுக்கு மேல், புதியது 68 டன். பஞ்சாபின் கால்வாய்ப் பாலம் ஒவ்வொன்றும் இத்தனை டன் தாங்கும் என்று கணக்கு வைத்துத்தான் படை நகர்கிறது. எடை கூடக் கூட, வரைபடத்தில் போகக்கூடிய பாதைகள் ஒவ்வொன்றாக அழிகின்றன. அதனால் அர்ஜுனைப் பாலைவனத்துக்கு வைத்துக்கொண்டது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு என்றே நினைக்கிறேன்.

2025 மார்ச்சில் டி-72-க்கு 1,000 குதிரைத்திறன் எஞ்சின் வாங்க ரஷ்யாவுடன் 24.8 கோடி டாலர் ஒப்பந்தம் போடப்பட்டது, அதைச் செய்யும் நுட்பத்தை ஆவடிக்குத் தருவதும் அதில் உண்டு. பழைய எஞ்சின் 780. எஞ்சினின் வலுவை இன்னும் குதிரையை வைத்துத்தான் அளக்கிறோம்.

அந்த 220 குதிரை எங்கே தேவை என்று கேட்டால், கிழக்கு லடாக்கில். 2020 ஆகஸ்ட் கடைசியில் பாங்காங் ஏரிக்குத் தெற்கே மலைமுகடுகளில் நம் டாங்கிகள் ஏறி நின்றன. 4,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எஞ்சின் மூச்சுத் திணறும். மைனஸ் 20 டிகிரியில் பேட்டரி பாதி வலுவைத்தான் தரும். சாதாரண டீசலில் மெழுகு உறைந்து வடிகட்டி அடைபடும், குளிருக்கென்று தனி டீசல் வேண்டும். ராத்திரியில் குறித்த இடைவெளியில் எஞ்சினை எழுப்பி ஓடவிட ஆள் வேண்டும். சுடுவதும் மாறும். குளிர்ந்த வெடிமருந்து மெதுவாக எரிவதால் குண்டின் வேகம் குறையும். மெலிந்த காற்று தடுக்காததால் குண்டு அதிக தூரம் போகும். இரண்டும் எதிரெதிராக இழுக்கும். மருந்தின் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் கருவியில் போடாமல் சமவெளிக் கணக்கில் சுட்டால் குண்டு எங்கோ விழும்.

அங்கே ஆறுகள் இன்னும் கொடியவை. டி-72 மூச்சுக்குழாய் பொருத்திக்கொண்டு 5 மீட்டர் ஆழம் வரை அடியில் போகக்கூடியது. அதற்கு எல்லா இடைவெளியும் அடைக்கப்படவேண்டும், ஆற்றடி உறுதியாக இருக்கவேண்டும், எதிர்க்கரைச் சரிவு ஏறும்படி இருக்கவேண்டும். அடியில் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. திசைகாட்டியையும் கமாண்டரின் குரலையும் நம்பி நேராகப் போகவேண்டும். நடுவில் எஞ்சின் நின்றால், வெளியே இருக்கும் நீரின் அழுத்தத்தால் மூடியைத் தள்ள முடியாது. மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு, வண்டிக்குள் தாங்களே தண்ணீரை விட்டு நிரப்பி, அழுத்தம் சமமான பிறகுதான் மூடி திறக்கும். இதைப் பயிற்சித் தொட்டியில் பலமுறை செய்யாதவனால் ஆற்றில் செய்ய முடியாது. 2024 ஜூன் 28 இரவு ஷியோக் ஆற்றில் திடீரென்று நீர் ஏறி ஒரு டி-72 சிக்கியது, ஐந்து வீரர்கள் இறந்தார்கள். எதிரி யாரும் இல்லாத பயிற்சி இரவு அது. பனி உருகும் மாதத்தில் அந்த ஆறுகள் பிற்பகலில் இருந்த மாதிரி இரவில் இருப்பதில்லை.

உக்ரைன் போருக்குப் பின் 'டாங்கியின் காலம் முடிந்தது' என்று எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மலிவான ட்ரோன் மேலிருந்து விழுகிறது, டாங்கியின் மேல்தகடுதான் மெலிந்தது. டி-72 வகையில் ஆட்களின் காலடியில் வட்டமாக 22 குண்டுகளும் வெடிமருந்தும், அதற்கு மேல் ஆங்காங்கே மிச்சமும். உள்ளே தீப்பிடித்தால் மேல்கூண்டே பறக்கிறது. இது உண்மையான குறை, கம்பிக்கூண்டு கட்டி முழுவதும் தீர்க்க முடியாது. என்றாலும் 1973 அக்டோபர் 8-ல் சினாயிலும் இதே தீர்ப்பை எழுதினார்கள். காலாட்படையும் பீரங்கியும் கூட இல்லாமல் பாய்ந்த இஸ்ரேலிய டாங்கிகளை எகிப்தியச் சிப்பாய்கள் தோளில் சுமந்து வந்த ஏவுகணைகள் எரித்தன. தனியாகப் போன டாங்கிதான் அன்றும் செத்தது. இன்று டாங்கியோடு சேர்ந்து போகவேண்டியவர்களின் பட்டியலில் ட்ரோன் ஓட்டுபவரும் ட்ரோனை முடக்குபவரும் சேர்ந்திருக்கிறார்கள். முன்னால் போய்ப் பார்த்து வருவது ஒரு காலத்தில் குதிரைப்படையின் தலையாய வேலை. அந்த வேலையை இன்று ட்ரோன் செய்கிறது. ஒவ்வொரு ஸ்குவாட்ரனிலும் அதைப் பறக்கவிடும் சவார்கள் இருக்கவேண்டும் என்பேன்.

ஆவடி ஆய்வுக்கூடமும் எல் அண்ட் டி-யும் சேர்ந்து செய்த 25 டன் இலகு டாங்கி ஸோராவர் 2024 ஜூலையில் வெளியே காட்டப்பட்டது. அந்த டிசம்பரிலேயே 4,200 மீட்டருக்கு மேல் சுட்டுப் பார்த்தார்கள். குழல் 105 மில்லிமீட்டர். சோஜிலாவில் ஏறிய ஸ்டூவர்ட் 15 டன் அளவு. 76 ஆண்டுகளுக்குப் பின் அதே மலைக்கு மீண்டும் இலகு டாங்கி தேடுகிறோம். சுட்டது பெரிய செய்தியானது. அதைவிட நான் அறிய விரும்புவது வேறு: அந்த உயரத்தில் விடியற்காலை எத்தனையாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது, கல்பாதையில் சங்கிலியை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை இறுக்கவேண்டி வந்தது, கையுறை கழற்றாமல் ஒரு சவாரால் வடிகட்டியை மாற்ற முடிந்ததா.